மறைந்தவனின் மறையாத கை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கவிதைக்கும் சிறுகதைக்கும் நாவலுக்கும் உரிய இந்த வேளையில் நான் ஒரு சித்திரக்கதை நாயகனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்களிற் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். ஆனால் மனத்தைத் தொட்டு ஒன்றை ஒப்புக்கொள்வோம். நம்மிற் பலருக்குப் புதுமைப்பித்தனின் பெயர் தெரியவருவதற்கு முன்பே தெரிந்திருந்த பெயர் இரும்புக்கை மாயாவி. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய வயதில், மூச்சு விடாமல் முப்பது பக்கம் ஓட வைத்தவன் அவன். வாசகனை உருவாக்கியவனை இலக்கிய நிகழ்ச்சியில் ஒருமுறையாவது விசாரிப்பது முறையானதே.

விசாரிக்க வேறொரு காரணமும் உண்டு. அவன் ஆய்வுகூடத்திற் பிறந்த நாயகன். விஞ்ஞானம் ஒரு மனிதனுக்கு அளவிறந்த ஆற்றலைக் கொடுத்துவிட்டால் அவனை என்ன செய்வது என்ற கேள்வியோடு பிறந்தவன். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் சொல்லப்பட்டது. பதில் மாற மாற அவனும் மாறினான். அந்த மாற்றத்தின் கதையையே இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் அவனது ஊர் பேர். ஆங்கிலத்தில் அவன் லூயிஸ் கிராண்டல். இங்கிலாந்தில் வெளிவந்த வேலியன்ட் என்ற சிறுவர் வார இதழின் முதல் இதழிலேயே, 1962 ஒக்டோபர் 6 ஆம் திகதி, அவன் தோன்றிவிட்டான். தொடக்கத்தில் கதையை எழுதியவர் கென் புல்மர் என்ற ஆங்கில விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர். பின்னர் ரொம் டுலி எழுதினார். சித்திரம் வரைந்தவர் ஜேசு பிளாஸ்கோ. இவர் 1919 இல் ஸ்பெயினின் பார்சலோனாவிற் பிறந்தவர். 1995 இல் மறைந்தார். கறுப்பு மையையும் வெள்ளைத் தாளையும் மட்டும் கொண்டு இவர் வரைந்த இருட்டு, இருட்டைக் கண்டவர் வரைந்த இருட்டு. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் 1936 முதல் 1939 வரை நடந்தபோது இவர் பதின்ம வயதைக் கடந்துகொண்டிருந்த இளைஞர் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த நிழல்களின் கனம் நமக்கு விளங்கும்.

கிராண்டல் விஞ்ஞானி என்றேனா? இல்லை, கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும். அவன் பேராசிரியர் பாரிஞ்சர் என்பவரின் ஆய்வுகூட உதவியாளன். நமது பாடசாலைகளிலும் அந்தப் பதவி உண்டு. குடுவைகளைக் கழுவி அடுக்கி, அமிலப் போத்தலுக்குச் சீட்டு ஒட்டி, பரிசோதனை முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுப் போகிறவர். பரிசளிப்பு விழா மேடைக்கு அவரை யாரும் அழைப்பதில்லை. ஒரு விபத்தில் வலது கையை இழந்து, அதற்குப் பதிலாக உருக்குக் கை பொருத்தப்பட்ட அப்படியோர் உதவியாளனே கிராண்டல். இன்னொரு நாள் ஆய்வுகூடத்தில் கருவி வெடிக்கிறது. உயர் அழுத்த மின்சாரம் அவன் உடலிற் பாய்கிறது. உடல் மறைகிறது, உடுத்திய உடையும் மறைகிறது. இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. சில மணி நேரத்தில் உருவம் திரும்பிவிடும். மறுபடி மறைய வேண்டுமானால் மறுபடி மின்சாரத்தில் கை வைக்க வேண்டும்.

இந்த 1962 ஆம் ஆண்டை ஒரு கணம் கவனியுங்கள். அதே ஆண்டில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் மார்வெல் நிறுவனத்தில் ஸ்டான் லீயும் அவரது கூட்டாளிகளும் வரிசையாக இதே வகை மனிதர்களைப் படைத்துக்கொண்டிருந்தார்கள். எறும்பளவுக்குச் சுருங்கும் வழியைக் கண்டுபிடித்த ஹாங்க் பிம், காமாக் குண்டின் கதிர்வீச்சிற் சிக்கிப் பச்சைப் பூதமாகும் புரூஸ் பானர், கதிரியக்கச் சிலந்தி கடித்த மாணவன் பீட்டர் பார்க்கர் ஆகிய மூவரும் 1962 இன் பிள்ளைகள். அடுத்த ஆண்டில் டோனி ஸ்டார்க் இரும்புக் கவசத்தோடு வந்தார். இவர்கள் எல்லோரையும் ஆற்றல் உள்ளவர்களாக்கியது தவமோ வரமோ தெய்வ அருளோ அன்று. ஒன்றில் ஆய்வு, அல்லது ஆய்வில் நேர்ந்த விபத்து. ஹிரோஷிமாவுக்குப் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. வேலியன்ட் முதல் இதழ் கடைக்கு வந்த அதே மாதத்தில் கியூபா ஏவுகணை நெருக்கடியால் உலகம் அணு யுத்தத்தின் வாசற்படியில் நின்றது. விஞ்ஞானி நம்மைக் காப்பாரா, அழிப்பாரா என்று பெரியவர்கள் தூக்கமின்றிக் கேட்ட கேள்வியைப் பிள்ளைகளின் இதழ்கள் தம் மொழியிற் கேட்டன.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பானர் பூதமானாலும் உள்ளத்தில் நல்லவர். வெடிக்கப்போகும் குண்டுக்கு அருகில் நின்ற ஒரு பையனைக் காப்பாற்ற ஓடியபோதுதான் கதிர்வீச்சு அவரைத் தாக்கியது. கிராண்டலோ ஆற்றல் கிடைத்ததும் திருடப் போகிறான். எவரும் காணாதபோது எதையும் எடுக்கலாமே என்பது அவனது முதல் எண்ணம். ஆம் நேயர்களே, நாம் நாயகன் என்று கொண்டாடிய மாயாவி, கதையின் தொடக்கத்தில் வில்லன்.

இதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது. கிரேக்க ஞானி பிளேட்டோ தமது குடியரசு என்ற நூலில் ஒரு மோதிரத்தின் கதையைப் பேச வைக்கிறார். ஆட்டிடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருப்பினால் அவன் மறைந்துவிடுவான். அவன் செய்த முதற் காரியம் அரண்மனைக்குட் புகுந்து அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்றால் நல்லவனும் நல்லவனாக இருப்பானா என்பதே அங்கு எழும் கேள்வி. எச். ஜி. வெல்ஸ் 1897 இல் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதன் என்ற நாவல், மோதிரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆய்வுகூடத்தை வைத்தது. அதன் நாயகன் கிரிஃபின் மருத்துவப் படிப்பை விட்டு ஒளியியலுக்கு வந்த மாணவன். ஆராய்ச்சிச் செலவுக்காகத் தகப்பனிடமே திருடுகிறான். மறையும் வித்தையைக் கண்டுபிடித்தபின் பயங்கர ஆட்சி ஒன்றை நிறுவ எண்ணுகிறான். முடிவில் ஊரார் அடித்துக் கொல்கிறார்கள். உயிர் போனபின் அந்த உடல் மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரிகிறது. கிராண்டல் அந்தக் கிரிஃபினின் பேரன் எனலாம்.

பேரனுக்கும் பாட்டனுக்கும் இடையில் புல்மர் செய்த ஒரே மாற்றம்தான் இந்தச் சித்திரக்கதையின் உயிர். கிரிஃபின் முழுவதும் மறைந்தான். கிராண்டலுக்குக் கை மறையவில்லை. செய்பவன் தெரியமாட்டான், செய்யும் கருவி தெரியும். வங்கிப் பெட்டகத்தைத் திறக்கும் கையைக் காவலாளி காண்கிறான். கைக்குரிய முகத்தைக் காணவில்லை. வரைபவருக்கு அது வசதி என்பது உண்மைதான். ஒன்றுமே இல்லாத கட்டத்தை வாரந்தோறும் எப்படி வரைவது? ஆனால் அந்த வசதியிலிருந்து ஓர் அறமும் பிறந்துவிட்டது. எவ்வளவு ஆற்றல் உள்ளவனும் தன் செயலை முழுவதும் மறைத்துவிட முடியாது, ஏதோவொன்று அவனைக் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை அது.

இனி அவனது வளர்ச்சியைப் பார்ப்போம். வில்லனாகவே ஒருவனை எத்தனை வாரம் ஓட்டுவது? சிறுவர்கள் அவனை விரும்பத் தொடங்கிவிட்டார்கள். எனவே கதை மெல்லத் திரும்புகிறது. கிராண்டல் இயல்பில் தீயவன் அல்லன், விபத்தின் அதிர்ச்சி அவன் மூளையைக் குழப்பிவிட்டது என்று விளக்கம் வருகிறது. பேராசை என்ற மனிதக் குற்றம் மின்சாரத்தின் தலையிற் சுமத்தப்பட்டது. இதுவே அவனது முதற் பெரிய மாற்றம்.

இரண்டாவது மாற்றம், அவன் அரசாங்கத்தின் ஆளானது. நிழற்படை என்று சொல்லத்தக்க ஓர் இரகசிய உளவு அமைப்பில் அவன் சேர்க்கப்படுகிறான். வெறும் உருக்காக இருந்த கை இப்போது ஆயுதசாலையாகிறது. விரலிலிருந்து குண்டு பாய்கிறது. விரலொன்றுக்குள் வானொலிக் கருவியும் வந்துவிட்டது. அது ஜேம்ஸ் பொண்ட் திரைப்படங்கள் உலகைக் கவர்ந்த காலம். முதற் படம் வெளியானதும் அதே 1962 ஒக்டோபரில்தான். ஆய்வுகூடத்தைக் கிராண்டல் முற்றாக மறந்துபோனான். குடுவை கழுவியவன் கட்டளை பெறுபவனானான்.

மூன்றாவது மாற்றம் உடுப்பு. 1960 களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பாணி அதிமனிதர்களின் மோகம் இங்கிலாந்திலும் பரவியபோது, மாயாவிக்கும் உடலை இறுக்கிய விசேட உடை அணிவிக்கப்பட்டது. மறைந்து திரிவதையே வித்தையாகக் கொண்டவனுக்கு வண்ண உடை எதற்கு என்று எவரும் கேட்கவில்லை போலும். அந்த வேடம் நிலைக்கவில்லை. பின்னர் அதைக் களைந்துவிட்டுப் பழைய கோட்டோடு திரும்பினான். 1970 இல் தொடர் நின்றது. பின்னர் சிறிது காலம் மீண்டும் தலைகாட்டினான். வேலியன்ட் இதழே 1976 இல் வேறோர் இதழுடன் இணைந்து மறைந்தது.

இந்த வழியில் அவன் தனியாகப் போகவில்லை. 1965 இல் லயன் என்ற ஆங்கில இதழில் வந்த ஸ்பைடரும் குற்றச் சக்கரவர்த்தியாகும் கனவோடு வந்து, பிறகு நீதியின் காவலனாக மாறியவனே. அவனுக்கு ஆயுதங்கள் செய்துகொடுத்தவர் பெல்ஹாம் என்ற விஞ்ஞானி. அந்தக் கதையைப் பின்னாளில் எழுதியவர் சுப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெரி சீகல். தீயவனை நல்லவனாக்கிவிடுவது அக்கால இதழ்களின் வழக்கமாகவே இருந்தது.

இவ்வாறு நல்லவனாக்கியதில் ஒன்று தொலைந்தது. யாரும் காணாத மனிதன் யாருக்குப் பதில் சொல்வான் என்பது முதற் கதையின் கேள்வி. அவன் உளவுப்படையிற் சேர்ந்ததும் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. இப்போதும் அவன் மறைந்தே வருகிறான், பூட்டை உடைக்கிறான், பிறர் அறைக்குட் புகுகிறான், கழுத்தைப் பிடிக்கிறான். செய்கை மாறவில்லை. அனுப்புகிறவர் மாறியதும் செய்கையின் பெயர் மாறிவிட்டது. தனிமனிதன் மறைந்து செய்தால் களவு, அரசின் பேரில் மறைந்து செய்தால் கடமை. பத்து வயதில் இதை நான் யோசிக்கவில்லை. யோசிக்க வைக்கும் காலம் பிறகு வந்தது.

அதற்கு முன் அவன் தமிழுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 1972 இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் வெளியீடே இரும்புக்கை மாயாவி. உறைபனி மர்மம், நாச அலைகள், பாம்புத் தீவு, கொள்ளைக்கார மாயாவி என்று தொடர்ந்து வந்தன. 1984 இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபின் ஸ்பைடரும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும் அதன் வழியே தமிழ் பேசினார்கள்.

ஆங்கிலத்தில் அந்தத் தொடரின் பெயருக்கு உருக்கு நகம் என்றே பொருள். மனிதனை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் சொல்லும் பெயர். தமிழில் அவனுக்கு மாயாவி என்று பெயர் சூட்டினார்கள். அந்த ஒரு சொல்லால் லண்டன் ஆய்வுகூடத்திலிருந்தவன் நம் பாட்டிமாரின் கதை உலகத்துக்கு இடம்பெயர்ந்தான். மாயாவி என்றால் மாயம் வல்லவன். மேகத்தில் மறைந்து நின்று அம்பெய்த இந்திரசித்தனும் மாயப்போர் செய்த கடோற்கசனும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்கள். பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலின் தீமிதிப்பு நாட்களில் பாரதக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மறைந்து போரிடுபவன் புதியவன் அல்லன். ஜின்கள் நம்மைக் காண்கின்றன, நாம் அவற்றைக் காண்பதில்லை என்று உம்மம்மா சொல்லக் கேட்டு வளர்ந்த என்னைப் போன்ற பிள்ளைக்கும் அப்படியே. மொழிபெயர்த்தவர்கள் திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, விஞ்ஞானம் நம்மிடம் மாயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. அதனாலேயே வாசல் உடனே திறந்தது. ஆனால் மாயத்துக்கு விளக்கம் கேட்பார் இல்லை. விஞ்ஞானத்துக்கு விளக்கம் கேட்டே ஆக வேண்டும். பெயரோடு சேர்ந்து அந்தக் கேள்வியும் கொஞ்சம் மங்கிப்போயிற்று என்பது என் எண்ணம்.

1970 களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி நம் நாட்டிற் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. எனவே மாயாவி எங்கள் கரைக்குச் சற்றுப் பிந்தியே, பழைய புத்தகமாகவே வந்து சேர்ந்தான். அட்டை கழன்று, முதற் பக்கமும் கடைசிப் பக்கமும் காணாமற்போய், கல்முனையிலிருந்து மருதமுனைக்கும் அங்கிருந்து பெரியநீலாவணைக்குமாகக் கைமாறி வருவான். கடைசிப் பக்கம் இல்லாத கதைக்கு ஆளுக்கொரு முடிவு சொல்வோம். எங்கள் கற்பனைக்கு அது நல்ல பயிற்சி.

மருதமுனையில் எங்கள் உறவினர் ஒருவர் கைத்தறி நெய்துகொண்டிருந்தார். அவருக்கு எழுத்து வாசிக்க வராது. தறியின் ஓசைக்கு மேலாகக் குரலெடுத்து நான் மாயாவியை வாசிப்பேன். ஒருநாள் அவர் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஏன் மகன், கை மட்டும்தானே தெரியிது? அத ஒரு சீலத்துண்டால மூடிக்கிட்டா என்ன?” நான் விழித்தேன். அவரே சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார். “அதுவும் செரிவராது. சீலத்துண்டு தெரியுமே. மூடுற துணியே காட்டிக்குடுத்திரும்.” நாள் முழுவதும் துணியோடு வாழ்ந்த மனிதரின் அறிவு அது. மாயாவியைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இன்றும் முதலிடம் இதற்குத்தான்.

இன்னொரு கேள்வி எங்கள் விஞ்ஞான ஆசிரியருடையது. மேசை லாச்சிக்குள் இருந்த புத்தகத்தைக் கண்டுபிடித்தவர் கிழித்தெறியவில்லை. “மாயாவிக்குக் கண் தெரியுமா?” என்று வகுப்பைக் கேட்டார். கண் எப்படிப் பார்க்கிறது? வரும் ஒளியை விழித்திரை உறிஞ்சுவதால். உடல் முழுவதும் கண்ணாடிபோல் ஒளியை ஊடுருவ விட்டால் விழித்திரையும் அதைப் பிடித்துவைக்காது. அப்படியானால் முற்றாக மறைந்தவன் முற்றாகக் குருடன். வெல்ஸுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. தம் நாயகனின் விழித்திரைக்குப் பின்னால் மங்கலாகச் சிறிது நிறம் எஞ்சியிருந்ததாக எழுதி ஒருவாறு சமாளித்தார். இமையும் ஒளியை விடுவதால் அவனாற் கண்ணை மூடவும் முடியவில்லை என்று சேர்த்துக்கொண்டார். உலோகம் மறையாமல் நிற்பதற்கு மாத்திரம் ஓரளவு நியாயம் உண்டு என்றார் ஆசிரியர். உலோகத்துள் விடுதலையாகத் திரியும் இலத்திரன்கள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அன்று நாங்கள் கற்ற ஒளியியல், பரீட்சைக்குப் படித்ததைவிட ஆழமாகப் பதிந்தது. மாயத்தின் சட்டையைக் கழற்றி உள்ளே இருந்த விஞ்ஞானத்தை அவர் எங்களுக்குக் காட்டினார். நாயகனும் சிறுமைப்படவில்லை.

பிறரைக் காணாதவனாக ஆனால்தான் பிறர் காணாதவனாக ஆகலாம் என்ற அந்தப் பௌதிகவியல் உண்மையை வாழ்க்கைக்கும் பொருத்திப் பார்க்கும் வயது எங்களுக்கு விரைவிலேயே வந்துவிட்டது.

நேயர்களே, எங்கள் கரையில் ‘மறைதல்’ என்ற சொல்லின் பொருள் மாறிப்போனது. 1990 ஆம் ஆண்டு, தமிழர் முஸ்லிம் என்ற வேறுபாடின்றி எங்கள் பக்கத்து வீடுகளில் மறக்க முடியாத ஆண்டு. கடைக்குப் போனவர், பயணம் போனவர், விசாரணைக்கென்று அழைக்கப்பட்டவர் திரும்பி வரவில்லை. அழைத்துச் சென்றவர்கள் ஒரு தரப்பினர் மட்டும் அல்லர். பிந்திய ஆண்டுகளில் இலக்கத்தகடு இல்லாத வாகனங்களைப் பற்றி நாடே பேசியது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை நிறுவும் சட்டம் 2016 இல் நிறைவேறியது. ஒரு நாட்டில் அப்படியோர் அலுவலகம் தேவைப்பட்டது என்பதே எவ்வளவோ சொல்லிவிடுகிறது. புகைப்படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் தாய்மாரை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

மாயாவி கதையில் ஆற்றல் உள்ளவன் மறைகிறான், சில மணி நேரத்தில் திரும்பி வருகிறான். எங்கள் கதையில் ஆற்றல் இல்லாதவன் மறைக்கப்பட்டான், திரும்பி வரவில்லை. அங்கே செய்தவனின் கையாவது தெரிந்தது. இங்கே கையும் தெரியவில்லை. ஒரு சித்திரக்கதை தன் வாசகச் சிறுவனுக்குக் கொடுத்திருந்த வாக்குறுதி, கை ஒருபோதும் மறையாது என்ற அந்த வாக்குறுதி, எங்கள் தெருவிற் பொய்த்துப்போனது.

முற்றாகவே பொய்த்ததா? அங்குதான் தறிகாரரின் சொல் எனக்கு நினைவுக்கு வருகிறது. மூடும் துணியே காட்டிக்கொடுக்கும் என்றாரே. வாகனத்தின் இலக்கத்தகட்டைக் கழற்றியதே ஓர் அடையாளமாயிற்று. பதிவேட்டிற் கிழிக்கப்பட்ட பக்கம், கிழித்தவர் இருந்தார் என்பதற்குச் சாட்சி. முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்தத் தாய்மார் தேடுவதை விடாததற்கு இந்த நம்பிக்கையைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்?

கையை இழந்தவனின் கதை என்ற வகையிலும் மாயாவி எங்களுக்கு நெருக்கமானவன். போரும் கண்ணிவெடியும் எத்தனை பேரின் காலையும் கையையும் எடுத்தன! அவர்களுக்குக் கிடைத்த செயற்கை உறுப்பு குண்டு பாய்ச்சவில்லை, பூட்டை உடைக்கவில்லை. ஜெய்ப்பூர்க் கால் என்று நாம் அறிந்த செயற்கைக் கால் இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1960 களின் இறுதியில் உருவானது. அதை உருவாக்கியவர்கள் இருவர்: எலும்பு முறிவு மருத்துவர் பி. கே. சேத்தி, கைவினைஞர் ராம் சந்திர சர்மா. மருத்துவருக்கு உடலின் இலக்கணம் தெரியும். அதிகம் படிக்காத கைவினைஞருக்கு இறப்பரும் மரமும் பேசும் மொழி தெரியும். வெறுங்காலோடு வயலில் இறங்கவும், நிலத்திற் சம்மணமிட்டு உட்காரவும், குந்தியிருக்கவும் நம் மனிதனுக்கு எப்படிப்பட்ட கால் வேண்டும் என்று இருவரும் சேர்ந்து யோசித்தார்கள். கிராண்டல் இரும்புக்கை பூண்டு அதிமனிதனான அதே பத்தாண்டில், இங்கே இருவர் இறப்பர்க் காலைக் கொடுத்து மனிதனை மறுபடி மனிதனாக்கினார்கள். சித்திரக்கதையின் அளவுகோலால் இது சிறிய சாதனையாகத் தெரியலாம். காலை இழந்தவரைக் கேட்டுப்பாருங்கள், எது பெரிது என்று.

இன்று மாயாவி மீண்டும் பதிப்பிக்கப்படுகிறான். இங்கிலாந்தில் ரெபெலியன் நிறுவனம் பழைய உரிமைகளை வாங்கி 2021 முதல் அந்தத் தொடரைத் தொகுத்து வெளியிட்டது. தமிழிலும் மறுபதிப்புகள் வந்தன. வாங்குபவர்கள் பெரும்பாலும் நரைத்த தலையினர். தம் பழைய வயதை வாங்குகிறார்கள். அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் மறுபதிப்பைக் கையில் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவன் உளவாளியான பிற்காலக் கதைகளோடு நின்றுவிடாமல், அவன் திருடனாயிருந்த அந்த முதற் கதையையும் வாசியுங்கள். அதை உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்து, அவன் செய்தது சரியா என்று கேளுங்கள். பிறகு உளவாளிக் கதையைக் கொடுத்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லும் பிள்ளையிடம் நாம் கற்றுக்கொள்ள இருக்கிறது.

எழுதும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நமது தமிழில் விஞ்ஞானியை நாயகனாகக் கொண்ட சொந்தச் சித்திரக்கதைகள் மிகக் குறைவு. கிழக்குக் கரையில் அதற்கு விடயம் இல்லாமலா? 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் இந்தக் கரைக்குள் ஏறி வந்ததே, கடலின் போக்கை அறிந்த ஒருவர் அன்று கரையில் நின்றிருந்தால் என்ற ஒரு வரி போதாதா ஒரு கதை தொடங்க? தடயவியல் பயின்று, புதைந்த எலும்பிடம் பெயர் கேட்கும் ஒரு பெண்ணை வரைய முடியாதா? அவளுக்கு மறையும் ஆற்றல் வேண்டாம். மறைக்கப்பட்டதைக் காணும் பொறுமை போதும். அவளுடைய ஆய்வுகூடத்தில் குடுவை கழுவும் அந்த உதவியாளரையும் மறக்காமல் வரையுங்கள். அவருக்கும் ஒரு பெயர் கொடுங்கள்.